ஒரே சந்தா, நாலு பெட்டி: எதில் படம் ஒழுங்காக வருகிறது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. சாப்பாடு முடிந்து எல்லோரும் டிவி முன்னால் வந்து உட்கார்ந்தாயிற்று, அம்மாவும் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார், பிஎஸ்4 என்ற சோனியின் கேம் கன்சோலைப் போட்டு நெட்ஃபிளிக்ஸைத் தொட்டால் திறக்கவில்லை. எச்டிசிபி என்று என்னவோ நாலு எழுத்தைச் சொல்லிவிட்டு நின்றுவிட்டது. முந்தின நாள் வரை ஓடிய பெட்டி. ரவுட்டரை அணைத்துப் போட்டேன், எச்டிஎம்ஐ ஒயரைக் கழற்றி வேறு பாயிண்டில் மாட்டினேன், கன்சோலையே ஒரு தடவை முழுசாக அணைத்துப் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. "என்னடா, இன்னைக்குப் படம் வராதா?" என்று அம்மா கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார். முக்கால் மணி நேரம் கழித்து என் தங்கை மகன் மெதுவாக வந்து, "மாமா, அந்த எச்டிசிபிய நான்தான் ஆஃப் பண்ணி வச்சேன், கேம ரெகார்ட் பண்றதுக்கு" என்றான்.

எச்டிசிபி என்பது ஒயருக்குள் இருக்கும் பூட்டு. கன்சோலில் இருந்து டிவிக்குப் போகும் படத்தை நடுவில் யாரும் பதிவு செய்துவிடக் கூடாது என்பதற்காகப் போட்டது. விளையாட்டைப் பதிவு செய்கிற சின்னப் பெட்டியை நடுவில் மாட்டினால் அந்தப் பூட்டை செட்டிங்ஸில் போய்த் திறந்துவிட வேண்டும், திறந்துவிட்டால் நெட்ஃபிளிக்ஸ் மாதிரியான ஆப் எதுவும் ஓடாது. செட்டிங்ஸ், அப்புறம் சிஸ்டம், அங்கே எச்டிசிபி என்ற வரியில் ஒரு டிக். அவ்வளவுதான், பத்து விநாடி வேலை. பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவன் செய்தது சரியான காரியம்தான். காசு கட்டிப் பார்க்கிற படத்துக்கும் நம் கண்ணுக்கும் நடுவில் இப்படி எத்தனை பூட்டு இருக்கிறது என்பதை வாங்கும்போது யாரும் சொல்வதில்லை, அதுதான் எனக்கு ஆதங்கம்.

அலுவலகத்தில் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கன்சோல் வாங்கினால் ஓடிடி எல்லாம் அதிலேயே பார்த்துக்கொள்ளலாமா, டிவியின் எச்டிஎம்ஐயில் செருகுகிற ஓடிடி ஸ்டிக் தனியாக வாங்க வேண்டுமா, லேப்டாப்பை டிவியில் மாட்டினால் போதாதா என்று. மதுரையில் எங்கள் வீட்டில் ஒரு பிஎஸ்4 ஸ்லிம், விண்டோஸுக்குப் பதில் உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டர், மனைவியின் விண்டோஸ் லேப்டாப், அண்ணன் சிங்கப்பூரில் இருந்து கொண்டுவந்து கொடுத்த நின்டெண்டோ ஸ்விட்ச், இப்படி நாலு பெட்டி இருக்கின்றன. மச்சான் வீட்டில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ். இரண்டு வருடமாக இவை அத்தனையிலும் படம் பார்த்திருக்கிறேன். சந்தா ஒன்றுதான், ஆனால் எந்தப் பெட்டி வழியாக வருகிறது என்பதைப் பொறுத்துப் படம் மாறுகிறது, சிலதில் வரவே மாட்டேன் என்கிறது. அதனால் எந்த ஓடிடி நல்லது என்பதை விட, எந்த ஓடிடி எந்தப் பெட்டியில் எவ்வளவு வரும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

பிஎஸ்4-இல் இருந்தே தொடங்குகிறேன், எங்கள் வீட்டில் அதிகம் உழைப்பது அதுதான். பிஎஸ்4 வந்தது 2013 கடைசியில், எங்களுடைய ஸ்லிம் மாடல் 2016-இல் வந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் நெட்ஃபிளிக்ஸ், யூடியூப், பிரைம் வீடியோ மூன்றும் அதில் ஓடுகின்றன, அதுவும் தடங்கல் இல்லாமல். இதை நான் லேசாகச் சொல்லவில்லை. இதே காலத்தில் வாங்கிய ஒரு ஸ்மார்ட் டிவி எங்களிடம் இருந்தது, கம்பெனி பெயர் வேண்டாம், நாலாவது வருடத்திலேயே அதில் ஆப்கள் ஒவ்வொன்றாக அப்டேட் கிடையாது என்று நின்றுவிட்டன. டிவி நன்றாக இருக்கிறது, திரையில் ஒரு கோடு கூட இல்லை, ஆனால் ஸ்மார்ட் மட்டும் போய்விட்டது. கன்சோல் அப்படி இல்லை, விளையாடுகிறவர்கள் கோடிக்கணக்கில் இன்னமும் வைத்திருப்பதால் ஓடிடிக்காரர்களுக்கும் அதை விட மனசில்லை.

ஆனால் ரிமோட் இல்லை, கன்ட்ரோலர்தான். இது ஒரு சின்ன விஷயம் மாதிரித் தெரியும், வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதுதான் பெரிய விஷயம். பிஎஸ்4 கன்ட்ரோலரின் பின்பக்கம் எல்2, ஆர்2 என்று இரண்டு விசை இருக்கும், துப்பாக்கி விசை மாதிரி வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். படம் ஓடும்போது கன்ட்ரோலரைச் சோபாவில் வைத்தால் அந்த விசைதான் முதலில் மெத்தையில் அமுங்கும். அமுங்கினால் படம் முன்னாலோ பின்னாலோ ஓடும். அம்மா மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பார், ஒரு தடவை அசைந்து உட்கார்ந்தால் கல்யாண மண்டபத்தில் இருந்த கதை ஆஸ்பத்திரிக்குப் போய்விடும், "ஏய், நடுவுல என்னத்தையோ விட்டுட்டாங்கடா" என்பார். கன்ட்ரோலரைத் தலைகீழாகக் கவிழ்த்து, விசைகள் மேலே பார்க்கிற மாதிரி டீப்பாய் மேல் வையுங்கள் என்று சொல்லிக் கொடுத்தோம், இரண்டு நாள் வைத்தார்.

இதற்கு ஒரு வழி பிஎஸ்4-இலேயே இருக்கிறது, பலருக்குத் தெரியாது. செட்டிங்ஸில் எச்டிஎம்ஐ டிவைஸ் லிங்க் என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டுவிட்டு, டிவியிலும் அதே வசதியைப் போட்டுவிட்டால் டிவி ரிமோட்டின் அம்புக்குறி பட்டன்களாலேயே ஆப்களுக்குள் மேலும் கீழும் போகலாம், ஓகே கொடுக்கலாம். டிவி கம்பெனிக்குக் கம்பெனி இதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருப்பார்கள், சிஇசி என்று தேடினால் கிடைத்துவிடும். எங்கள் டிவியில் நன்றாகவே வேலை செய்தது. பிஎஸ்5 வாங்குகிறவர்களுக்கு சோனியே தனியாக மீடியா ரிமோட் என்று ஒன்று விற்கிறது, நெட்ஃபிளிக்ஸ், யூடியூப், டிஸ்னி பிளஸ், ஸ்பாட்டிஃபை நாலுக்கும் தனித்தனி பட்டனோடு. வீட்டில் விளையாடாதவர்கள் இருந்தால் கேம் சிடி ஒன்றைக் குறைத்துக்கொண்டு அதை வாங்குங்கள்.

அடுத்தது காசு. 43 இன்ச் 4கே டிவி வாங்கிய கையோடு நெட்ஃபிளிக்ஸில் 649 ரூபாய் பிரீமியத்துக்கு மாறினேன், 4கே வேண்டும் என்றால் அதுதான் திட்டம். 14 மாதம் கட்டினேன். பிஎஸ்4 ஸ்லிம் 1080பி-க்கு மேல், அதாவது 4கே-க்கு ஒரு படி கீழே உள்ள தெளிவுக்கு மேல், அனுப்பவே அனுப்பாது. 4கே அனுப்பியது 2016 நவம்பரில் வந்த பிஎஸ்4 ப்ரோ. எக்ஸ்பாக்ஸ் பக்கம் அதே வருடம் ஆகஸ்டில் வந்த ஒன் எஸ். எங்கள் பெட்டிக்கு 499 ரூபாய்த் திட்டமே முழுத் திட்டம். மாதம் 150 வீதம் 14 மாதத்துக்கு 2,100 ரூபாய் வீணாகப் போனது. திட்டத்தை விற்கிற பக்கத்தில் "4கே" என்று பெரிதாக இருக்கிறது, உங்கள் பெட்டி அதை வாங்கிக்கொள்ளுமா என்பது எங்கோ உதவிப் பக்கத்தில் நாலாவது கிளிக்கில் இருக்கிறது. உள்ளே நுழையும்போதே அந்த ஆப்புக்குத் தான் எந்த மெஷினில் ஓடுகிறோம் என்று தெரியும். "உங்கள் பெட்டியில் 1080 தான் வரும், கீழ்த் திட்டமே போதும்" என்று ஒரு வரி காட்டினால் என்ன? ஒவ்வொரு ஓடிடியும் செய்ய வேண்டிய காரியம் இது.

உங்கள் வீட்டில் என்ன வருகிறது என்று பார்க்க இரண்டு வழி சொல்கிறேன். நெட்ஃபிளிக்ஸ் தேடலில் "டெஸ்ட் பேட்டர்ன்ஸ்" என்று ஆங்கிலத்தில் அடித்தால் வெறும் கோடும் கட்டமுமாக ஒரு வீடியோ வரும், அதில் எந்தத் தெளிவில் ஓடுகிறது என்பது எழுத்தாகவே ஓரத்தில் வரும். கம்ப்யூட்டரில் பார்க்கிறீர்கள் என்றால் படம் ஓடும்போது கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு டி-யை அழுத்துங்கள், திரை மேலேயே எண்கள் வந்து நிற்கும். 1920-க்கு 1080 என்று இருந்தால் சரி, 1280-க்கு 720 என்று இருந்தால் நீங்கள் கட்டும் காசுக்கு முழுப் படம் வரவில்லை. முதல் ஒரு நிமிடம் குறைவாகத்தான் காட்டும், ஏறுவதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

கம்ப்யூட்டர் என்று வந்துவிட்டால் பிரௌசரைப் பொறுத்தே எல்லாம். ஒரே லேப்டாப், ஒரே நெட், ஒரே சந்தா. விண்டோஸில் குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் நெட்ஃபிளிக்ஸ் 1080 வரை தரும், எட்ஜில் 4கே வரை தரும். அந்த 4கே வர இன்டெல் ஏழாம் தலைமுறை சிப்பாவது வேண்டும், எச்இவிசி என்ற வீடியோ எக்ஸ்டென்ஷன் போட்டிருக்க வேண்டும், திரையும் ஒயரும் எச்டிசிபி பூட்டின் 2.2 பதிப்பு தெரிந்ததாக இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் எதுவும் சொல்லாமல் கீழே இறங்கிவிடும். மேக் வைத்திருப்பவர்கள் சஃபாரியில் பாருங்கள், 2018-க்குப் பிறகு வந்த, டி2 சிப்போ ஆப்பிளின் சொந்த சிப்போ இருக்கிற மேக்கில், பிக் சர் அல்லது அதற்கு மேலான ஓஎஸ் இருந்தால் அங்கேயும் 4கே வரை வரும். பிரௌசர் பிடித்தமானது என்பதற்காகக் குரோமில் பார்த்துக்கொண்டு பிரீமியம் கட்டுகிறவர்கள் ஏராளமாக இருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

விண்டோஸ் ஆப் பற்றி எனக்கும் என் மனைவிக்கும் ஒரு வருத்தம் உண்டு. அவர் மாதம் ஒரு தடவை மதுரையில் இருந்து சென்னைக்கு ரயிலில் போய் வருகிறவர், வழியில் விழுப்புரம் தாண்டும் வரை நெட்டை நம்ப முடியாது. லேப்டாப் திரையில் டவுன்லோட் செய்து வைத்துப் பார்ப்பது வழக்கம். நெட்ஃபிளிக்ஸ் 2024 ஜூனில் விண்டோஸ் ஆப்பை மாற்றியபோது டவுன்லோட் வசதியையே எடுத்துவிட்டது. புது ஆப் என்பது பிரௌசரில் வருவதையே ஒரு ஜன்னலுக்குள் வைத்த மாதிரிதான். டவுன்லோட் வேண்டுமா, போனிலோ டேப்லெட்டிலோ பார்த்துக்கொள் என்கிறார்கள். ஆறு அங்குலத் திரையில் எட்டு மணி நேரம் எப்படிப் பார்ப்பது? பிரைம் வீடியோவின் விண்டோஸ் ஆப் 2020-இல் வந்தபோதே டவுன்லோட் வசதியோடுதான் வந்தது, ஆக இது முடியாத காரியம் ஒன்றும் இல்லை. இருந்த வசதியைப் பிடுங்குவது, புது வசதி தராமல் இருப்பதை விட மோசம்.

சரி, லினக்ஸ். உபுண்டு போட்டிருக்கும் அந்தக் கம்ப்யூட்டர் என் சொந்த மேசையில் இருப்பது, அதன் மேல் எனக்குத் தனிப் பிரியம், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். நெட்ஃபிளிக்ஸ் 2007 ஜனவரியில் இணையத்தில் படம் காட்ட ஆரம்பித்தபோது விண்டோஸில், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான் ஓடியது. 2008-இல் பிரௌசருக்குள் வீடியோ ஓட்டுகிற மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட்டுக்கு மாறிய பிறகுதான் மேக்காரர்களுக்குக் கிடைத்தது. லினக்ஸுக்குச் சில்வர்லைட் கிடையாது. 2013 வாக்கில் பைப்லைட் என்று ஒன்றை ஆர்வலர்களே எழுதினார்கள், விண்டோஸ் சில்வர்லைட்டை, விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டுகிற வைன் வழியாக, லினக்ஸ் பிரௌசருக்குள் ஓட வைக்கிற ஏற்பாடு, அதைப் போட்டுத்தான் உலகம் முழுக்க லினக்ஸ்காரர்கள் படம் பார்த்தார்கள். 2014 அக்டோபரில் குரோம் மூலமாக முறைப்படி வழி திறந்தது, 2017-இல் ஃபயர்பாக்ஸுக்கும் கிடைத்தது. இதற்கு நடுவில் 2016 ஜனவரியில்தான் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவுக்கே வந்தது, ஆக நமக்கு அந்தப் பைப்லைட் பாடு இல்லாமல் போயிற்று.

இன்று லினக்ஸில் படம் வராமல் இல்லை. வரும். தெளிவில்தான் சிக்கல். பிரௌசருக்குள் வைட்வைன் என்ற பூட்டு உட்கார்ந்திருக்கிறது, கூகுளுடையது. அதில் எல்1, எல்3 என்று படிகள் உண்டு. எல்1 என்றால் பூட்டைத் திறக்கிற வேலையும் படத்தை விரிக்கிற வேலையும் சிப்புக்குள்ளேயே, வெளி ஆள் யாரும் எட்டிப் பார்க்க முடியாத அறையில் நடக்கிறது. எல்3 என்றால் சாதாரண மென்பொருளிலேயே நடக்கிறது. சாதாரண லினக்ஸ் கம்ப்யூட்டரின் பிரௌசருக்குக் கிடைப்பது எல்3 தான். எல்3-க்கு எவ்வளவு தெளிவு கொடுக்கலாம் என்பதை ஒவ்வொரு ஓடிடியும் தன் இஷ்டப்படி முடிவு செய்துகொள்கிறது. நான் சந்தா கட்டுகிற ஒன்றில், பெயர் வேண்டாம், பழைய விசிடி பார்க்கிற மாதிரி இருக்கிறது. ஒரு பாத்திரம் கதவைத் திறந்து வெளியே ஓடும் காட்சியில் பின்னால் இருக்கும் வேப்பமரம் பச்சைக் கஞ்சி மாதிரிக் குழைந்து நிற்கிறது, இலை என்று ஒன்று தனியாகத் தெரியவில்லை. அதே காட்சியை எழுந்து போய் ஹாலில் பிஎஸ்4-இல் போட்டுப் பார்த்தேன், இலைக்கு நடுவில் வெயில் விழுவது கூடத் தெரிந்தது. அதே சந்தா, அதே நிமிடம், பத்து அடி தூரம்.

படத்தைத் திருடுகிறவர்கள் இந்தப் பூட்டால் நின்றுவிட்டார்களா என்றால் இல்லை, படம் வந்த அன்றே முழுத் தெளிவில் டெலிகிராமில் சுற்றுகிறது. ஒழுங்காகக் காசு கட்டி உபுண்டுவில் பார்க்கிறவனுக்குத்தான் கஞ்சி. இதை எழுதும்போதே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. ஆக லினக்ஸ்காரர்களுக்கு என் யோசனை, மேசையில் வேலை செய்துகொண்டே ஓரத்தில் ஓட விடுவதற்கு அது போதும், உட்கார்ந்து ரசித்துப் பார்க்க வேண்டிய படத்தை வேறு பெட்டியில் பாருங்கள். ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டரை வாங்கி டிவிக்குப் பின்னால் ஒட்டிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கும் இதேதான், 2021-இல் இருந்து அதற்கும் வைட்வைன் முறைப்படி கிடைக்கிறது, ஆனால் படி ஏறாது.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. 2020 நவம்பரில் வந்தபோது 34,990 ரூபாய், சிடி போடும் வசதி கிடையாது, பெட்டி ஒரு தடி அகராதி அளவுதான். ஓடிடி பார்க்க அன்றைய கன்சோல்களிலேயே நல்ல பெட்டி இதுதான் என்பேன். காரணம் டால்பி விஷன், இருட்டையும் வெளிச்சத்தையும் காட்சிக்குக் காட்சி சரிசெய்து காட்டுகிற முறை. சீரிஸ் எஸ், சீரிஸ் எக்ஸ் இரண்டும் நெட்ஃபிளிக்ஸ் மாதிரியான ஆப்களில் டால்பி விஷனைத் தரும், பிஎஸ்5 தராது, அது படம் முழுவதற்கும் ஒரே அளவு வைக்கிற எச்டிஆர்10-ஓடு நின்றுவிடும். டிவியிலும் டால்பி விஷன் இருந்தால்தான் வித்தியாசம் தெரியும். மச்சான் வீட்டு டிவியில் இருக்கிறது. இருட்டுக் காட்சி ஒன்றில், கிணற்றடியில் ஒரு அரிக்கேன் விளக்கு மட்டும் எரிகிறது, அந்த வெளிச்சத்தில் பெண்ணின் முகத்தில் பாதியும் கிணற்றுச் சுவரின் செங்கலும் பிரிந்து தெரிந்தன, எங்கள் வீட்டில் அதே காட்சியில் சுவர் வெறும் கறுப்பு. எக்ஸ்பாக்ஸ் முன்பக்கம் இன்ஃப்ராரெட் வாங்கும் கண்ணும் இருப்பதால் மலிவான மீடியா ரிமோட் வாங்கி வைத்துக்கொள்ளலாம். பழைய கதை ஒன்று உண்டு, எக்ஸ்பாக்ஸ் 360-இல் 2008 நவம்பரிலேயே நெட்ஃபிளிக்ஸ் வந்துவிட்டது, ஆனால் அதைப் பார்க்க எக்ஸ்பாக்ஸ் லைவ் கோல்டு என்ற ஆன்லைன் விளையாட்டுச் சந்தாவுக்கும் தனியாகக் காசு கட்ட வேண்டும், 2014 ஜூனில்தான் அதை எடுத்தார்கள். இப்போது எந்தக் கன்சோலிலும் அந்தத் தொல்லை இல்லை. ஆன்லைனில் விளையாடத்தான் தனிச் சந்தா, படம் பார்க்க வேண்டாம்.

ஸ்விட்சைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 2017 மார்ச்சில் வந்த பெட்டி, கையில் பிடித்துக்கொள்ளவும் டிவியில் மாட்டவும் முடியும், படம் பார்ப்பதற்கென்றே செய்த மாதிரி இருக்கும், அதில் நெட்ஃபிளிக்ஸ் வரவே இல்லை. நின்டெண்டோவின் முந்தைய பெட்டிகளான வீ, வீ யூ, 3டிஎஸ் மூன்றிலும் இருந்தது. வீயில் 2019 ஜனவரியோடும் மற்ற இரண்டில் 2021 ஜூனோடும் நின்றது. ஸ்விட்சுக்கு 2017-இல் வந்த ஹூலு என்ற அமெரிக்க ஓடிடி இந்தியாவில் சேவையே இல்லாதது. 2018 நவம்பரில் யூடியூப் வந்தது, நம் ஊரில் அதுதான் துணை. பிரௌசர் என்று தனியாக ஒன்றும் கொடுக்கவில்லை, ஆகச் சுற்று வழியும் கிடையாது. விளையாட வாங்குங்கள், படத்துக்கு வேண்டாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, எங்கள் வீட்டில் உண்மையில் அதிகம் பார்ப்பது எது என்று சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. அம்மா பார்ப்பது தமிழ்த் தொடர்கள். அதற்கென்றே சந்தா கட்டும் ஓடிடி எங்கள் கன்சோலின் கடையில் தேடியபோது கிடைக்கவில்லை. கன்சோல்கள் எல்லாமே பெரிய உலகச் சேவைகளுக்குத் திறந்த கதவாக இருக்கின்றன, ஊர்ச் சேவைகளுக்கு அந்தக் கதவு சிறிசு. ஒரு கன்சோலுக்கு ஆப் எழுத வேண்டும் என்றால் தனி ஆள், தனிச் சோதனை, தனி அனுமதி, அத்தனையும் செய்து இந்தியாவில் இருக்கிற கன்சோல் எண்ணிக்கைக்கு என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். இருக்கட்டும். ஆனால் தமிழில் தொடர் பார்க்கிற அம்மாக்கள் இருக்கிற வீட்டில் கன்சோல் மட்டும் போதாது என்பதை வாங்குமுன் தெரிந்துகொள்ளுங்கள். இன்னொன்று, கன்சோலில் கணக்குத் தொடங்கும்போது எந்த நாடு என்று கேட்கும், அந்த நாட்டுக் கடையில் இருக்கும் ஆப்கள்தான் கண்ணில் படும். என் தங்கை மகன் கேம் விலைக்காக அமெரிக்கா என்று போட்டுத் தனிக் கணக்கு வைத்திருக்கிறான், அதில் நுழைந்து இந்திய ஓடிடியைத் தேடி இல்லை என்று நான் ஒரு மாலை முழுக்க அலைந்திருக்கிறேன். ஆப் இல்லை என்று முடிவு செய்யும் முன் கணக்கு எந்த நாட்டுடையது என்று பாருங்கள்.

அதே மாதிரி மலிவாகக் கிடைக்கிற திட்டங்களையும் உற்றுப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் 2019-இல் இந்தியாவில் கொண்டுவந்த மொபைல் திட்டம், 2021 டிசம்பரில் 149 ரூபாய்க்கு இறங்கியது, போனிலும் டேப்லெட்டிலும் மட்டும்தான். டிவியிலோ கன்சோலிலோ போடக் குறைந்தது 199 ரூபாய்த் திட்டம் வேண்டும், அது 720-ஓடு நிற்கும். ஜியோஹாட்ஸ்டார் 2025 பிப்ரவரியில் தொடங்கியபோது மூன்று மாதத்துக்கு 149 என்று வந்ததும் மொபைலுக்கு மட்டும்தான். போன் ரீசார்ஜோடு இலவசம் என்று வருவதும் பெரும்பாலும் இந்த வகை. பக்கத்து வீட்டு அக்கா ரீசார்ஜில் கிடைத்ததை நம்பிக் கிரிக்கெட் பார்க்க எச்டிஎம்ஐ ஒயர் வாங்கி வந்துவிட்டார், போட்டி தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டார். அந்தத் திட்டம் பெரிய திரைக்கு ஆகாது என்று சொல்லி, அப்புறம் எல்லோரும் எங்கள் வீட்டில்தான் உட்கார்ந்து பார்த்தோம்.

மின்சாரமும் ஒரு கணக்கு. அமெரிக்காவில் என்ஆர்டிசி என்ற சுற்றுச்சூழல் அமைப்பு புது எக்ஸ்பாக்ஸையும் பிஎஸ்5-ஐயும் அளந்து பார்த்து, படம் மட்டும் ஓட்டும்போதே 30 முதல் 70 வாட் இழுப்பதாகச் சொன்னது. ஸ்டிக்குகள் இழுப்பது இரண்டு மூன்று வாட். தினம் மூன்று மணி நேரம், 60 வாட் என்று வைத்தால் நம் இரண்டு மாத மின்கட்டணச் சுற்றில் கிட்டத்தட்ட 11 யூனிட், ஸ்டிக்கில் அரை யூனிட். முதல் 100 யூனிட் இலவசத்தில் இதற்கே பத்தில் ஒரு பங்கு போகிறது. வீட்டில் யாரும் இல்லாமல் மெனு ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும். அணைக்காமல் போகிற வழக்கம் எங்கள் வீட்டில் இருந்தது, இந்தக் கணக்கை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிய பிறகு குறைந்தது.

கன்சோல் கடையில் படத்தை விலைக்கே வாங்கி வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சோனி 2021 ஆகஸ்ட் 31-ஓடு பிளேஸ்டேஷன் கடையில் படம் விற்பதை நிறுத்திவிட்டது. 2023 டிசம்பரில் டிஸ்கவரி நிகழ்ச்சிகளை வாங்கியவர்களிடமே, உரிமம் முடிகிறது, உங்கள் பட்டியலில் இருந்து நீக்கப் போகிறோம் என்று அறிவித்து, பெரிய கூச்சல் வந்த பிறகு பின்வாங்கினார்கள். வாங்கிய பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிகிற கடையில் நான் வாங்க மாட்டேன். மாதச் சந்தாவில் குறைந்தபட்சம் அது வாடகை என்று நமக்கு முதலிலேயே தெரியும்.

கடைசியில் எங்கள் வீட்டில் என்ன செய்தோம் என்றால், ஹாலில் பிஎஸ்4 அப்படியே இருக்கிறது, நெட்ஃபிளிக்ஸும் யூடியூபும் அதில்தான், திட்டம் 499-க்கு இறங்கிவிட்டது. அம்மாவின் தொடர்களுக்காக ஒரு ஸ்டிக் வாங்கி இரண்டாவது எச்டிஎம்ஐயில் மாட்டினேன், தமிழ் ஓடிடி அதில் முதல் தடவையே வந்தது. லேப்டாப் ஒயர் டிராயருக்குள் போய்விட்டது. லினக்ஸ் கம்ப்யூட்டரில் பாட்டு மட்டும். இப்போது கன்சோல் புதிதாக வாங்குகிற நிலையில் இருந்து, டிவியில் டால்பி விஷனும் இருந்தால் நான் எக்ஸ்பாக்ஸ் பக்கம் போவேன், சோனியின் கேம்கள்தான் வேண்டும் என்று வீட்டுப் பிள்ளைகள் நின்றால் பிஎஸ்5-ஓடு மீடியா ரிமோட்டையும் சேர்த்து வாங்குவேன், இரண்டிலும் ஸ்டிக்குக்கு ஒரு பாயிண்டை ஒதுக்கி வைப்பேன்.

ஸ்டிக்கின் ரிமோட்டில் எல்லா பட்டனும் கறுப்பு, ஒரே மாதிரி வட்டம். ஹோம் பட்டனில் மனைவி சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்துக் கொடுத்தார். இப்போது ஒன்பது மணிக்கு அம்மா யாரையும் கூப்பிடுவதில்லை.